பெயரைக் கழுவிய தட்டுகள்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் தட்டுச் சுழற்றிக்கொண்டிருந்த கூல் ஹெர்க், தன்னிடம் இருந்த இசைத்தட்டுகளின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். பாடியவர் பெயர், பாட்டின் பெயர், வெளியிட்ட கம்பெனி எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். போட்டிக்காரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாலும் மொட்டையான ஒரு கறுப்பு வட்டம்தான் தெரியும். இந்த வித்தையைத் தன் தந்தை சொல்லிக்கொடுத்ததாக ஹெர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குடும்பம் கிங்ஸ்டனிலிருந்து வந்தது. ஜமைக்காவில் இது ஏற்கெனவே ஊறிப்போன பழக்கம்.

தொழில் தந்திரம் என்று சொல்லி இதைத் தாண்டிவிடலாம். ஹிப்-ஹாப்பின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை ருசிகரமான துணுக்காகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ இந்தத் துணுக்கில்தான் விஷயமே இருப்பதாகப் படுகிறது. ஹெர்க் அந்தத் தட்டுகளை நேசித்தார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நகரத்தின் நடனக்கூடங்கள் டிஸ்கோ பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸ் பிரவுனை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அப்படி நேசிக்கிறவன், நேசிக்கப்படுவதன் பெயரை எதற்காகக் கழுவ வேண்டும்? கழுவியபின் கையில் மிஞ்சுவதை நேசம் என்று சொல்வதா, உடைமை என்று சொல்வதா?

டி.ஜே. கலைஞனா இல்லையா என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அலுத்துப்போன கேள்வி. அதில் இரண்டு கட்சிகள் உண்டு. அடுத்தவன் தட்டைப் போடுகிறவன் எப்படிக் கலைஞனாவான் என்று கேட்பது ஒரு கட்சி. இவர்கள் விரலை மட்டும் பார்க்கிறார்கள், காதைப் பார்ப்பதில்லை. ஆசிரியன் இறந்துவிட்டான், எல்லாமே மேற்கோள்தான், ஆகவே டி.ஜே.யே இந்த யுகத்தின் கலைஞன் என்பது மற்ற கட்சி. இவர்களுக்கு ஆசிரியன் இறந்துபோனது ரொம்பவும் சௌகரியமாகப் போய்விட்டது. நான் பேசப்போகிற விஷயத்தில் ஒருவர் நிஜமாகவே, தெருவில், கவனிப்பாரற்று இறந்துபோனார். தத்துவத்தில் இறந்த ஆசிரியனை வைத்து அந்தச் சாவைக் கடந்துவிட முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஹெர்க்கின் தங்கை சிண்டி ஒரு விருந்து நடத்தினாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்ப்பது நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். எந்தக் கலைக்கும் பிறந்த தேதி குறிப்பது அசட்டுத்தனம். ஆனால் அந்த நாட்களில் ஹெர்க் கவனித்த ஒரு விஷயம் அசட்டுத்தனமானதல்ல. ஆட வந்தவர்களில் சிலர் பாட்டு நெடுகிலும் ஆடாமல் சுவரோரமாக நின்று காத்திருப்பதை அவர் பார்த்தார். அவர்கள் காத்திருந்தது பாட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்காக. பாடகர் ஓய்வார், ஊதுவாத்தியங்கள் நின்றுவிடும், டிரம்ஸ் மட்டும் தனியே சில விநாடிகள் போகும். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். அது வந்ததும் இவர்கள் பாய்ந்து நடுவுக்கு வந்து ஆடுவார்கள், அது முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். ஹெர்க் செய்தது என்னவென்றால், பாட்டின் மற்ற பகுதிகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்கே நேராகப் போனார். ஒரே தட்டில் இரண்டு பிரதிகள் வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிகிறபோது மற்றதில் அதே பிரேக்கைத் தொடங்கினார். சில விநாடிகள் சில நிமிடங்களாயின.

ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாக வைத்தார். தாளம் இடறும், யாரும் பொருட்படுத்தவில்லை. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷுக்கு அந்த இடறல் பொறுக்கவில்லை. தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்த பையன் அவர். தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, அந்தக் கோடு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணி, அத்தனை சுற்றுக் கையால் பின்னுக்கு இழுத்து, துல்லியமாக அதே இடத்தில் விட்டார். தட்டு வழுக்குவதற்காகக் கம்பளித் துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி அடியில் வைத்தார். தையற்காரியான அவருடைய தாய் அதற்கு உதவினார். இதில் இன்றைக்கு நமக்கு உறைக்காத ஒன்று உண்டு. தட்டின் வரிகள் மேல் விரல் படக்கூடாது என்பது அதுவரை தட்டை நேசிப்பவர்களின் முதல் ஆசாரம். ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும், உறையில் பதவிசாக நழுவவிட வேண்டும். ஃப்ளாஷ் அதன் மேல் உள்ளங்கையை வைத்தபோது மற்ற டி.ஜே.க்கள் அவரை ஏளனம் செய்தார்கள். தட்டை நாசமாக்குகிறவன் என்றார்கள். நேசத்தின் ஒரு வழி நேசத்தின் இன்னொரு வழிக்கு அபசாரமாகத் தெரிவது புதிதல்ல.

இங்கே அடோர்னோவின் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வது நல்லது. கேட்டலின் சரிவு பற்றி 1938இல் அவர் எழுதிய கட்டுரை, பிராங்க்ஸ் விருந்துக்கு 35 வருஷம் முந்தியது என்றாலும், அதைப் பார்த்துவிட்டு எழுதியதுபோலவே இருக்கிறது. சந்தை மனிதன் முழுமையைக் கேட்கும் திறனை இழந்துவிட்டான், துண்டுகளைப் பொறுக்குகிறான், ஒரு படைப்பில் தனக்குக் கிளுகிளுப்பூட்டும் கணத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு அந்தக் கணத்துக்கு அர்த்தம் கொடுத்த முழு உருவத்தையும் எறிந்துவிடுகிறான் என்பது அவர் வாதம். பிரேக்குக்காக மட்டும் காத்திருந்த பையனை இதைவிடக் கச்சிதமாக யாரும் வர்ணித்துவிட முடியாது. வர்ணனை சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்புதான் சரியில்லை.

ஏன் சரியில்லை என்றால், துண்டு எதிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபங்க் இசையில் முழுமை என்பது பீத்தோவனின் முழுமை அல்ல. 1967இல் வந்த ஜேம்ஸ் பிரவுனின் 'கோல்ட் ஸ்வெட்'டைக் கேளுங்கள். அதற்கு முந்திய சோல் பாடல்களில் தேவாலயத்தின் வளர்ச்சிமுறை இருக்கும். மெதுவாக ஏறி, உச்சத்துக்குப் போய், ஒரு கதறலில் கரையும். 'கோல்ட் ஸ்வெட்'டில் ஏற்றமே கிடையாது. ஸ்வரங்கள் மாறுவது அநேகமாக நின்றுவிட்டது. கிடாரும் ஊதுகொம்பும் பாடகரின் தொண்டையும்கூட டிரம்ஸாக ஆகிவிட்டன. ஒவ்வொரு அளவின் முதல் அடியிலும் எல்லோரும் ஒன்றுகூடிவிட்டு மறுபடி சிதறுகிறார்கள். அந்தப் பாட்டின் நடுவில் பிரவுனே டிரம்ஸ்காரனுக்கு இடம் விடச் சொல்லி வாத்தியக்காரர்களைக் கேட்கிறார், எல்லோரும் விலகிக்கொள்கிறார்கள். இந்த இசை தானாகவே டிரம்ஸை நோக்கித் தன்னை உரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஹெர்க்கின் பையன்கள் அதை உடைக்கவில்லை. அது எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அதைப் பண்ணினவர்களுக்கு அடுத்தபடியாகக் கண்டுகொண்டார்கள். நல்ல விமர்சகன் ஒரு கவிதையின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதுகிறான் என்றால் மற்ற வரிகளை அவன் அவமதிக்கவில்லை. அந்தப் பையன்கள் தங்கள் விமர்சனத்தை முழங்காலாலும் தோளாலும் எழுதினார்கள். அடோர்னோவுக்கு உடம்பு ஒரு கேட்கும் கருவி என்பது என்றைக்கும் பிடிபட்டதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதே நகரத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு மனிதரும் இருந்தார். டேவிட் மன்கூசோ 1970 பிப்ரவரி 14இல் பிராட்வே தெருவில் தன் வீட்டிலேயே நடன விருந்துகளைத் தொடங்கினார். அழைக்கப்பட்டவர்களுக்குத்தான் இடம், மது விற்பனை இல்லை. ஒலிபெருக்கிகள் விஷயத்தில் அவர் சந்நியாசி மாதிரி. மற்ற டி.ஜே.க்களைப்போல அவரும் முதலில் ஒரு தட்டை இன்னொன்றோடு கலந்தவர்தான். 80களின் தொடக்கத்தில் அதை அடியோடு விட்டுவிட்டார். இசைக்காரன் எப்படிப் பண்ணினானோ அப்படியே, முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி அடங்கும்வரை, தட்டு முழுதாக ஓட வேண்டும். குறுக்கே கைவைக்கத் தனக்கு உரிமையில்லை என்ற முடிவுக்கு வந்தார். 2016இல் இறக்கும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஒரு மௌனம் விழும். ஆடுகிறவர்கள் அந்த மௌனத்தில் நிற்பார்கள்.

மன்கூசோவின் பணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஃப்ளாஷின் துணிச்சலும் பிடித்திருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தாழ்த்த எனக்கு விருப்பமில்லை. இருவரில் யார் உண்மையாக நேசித்தவர் என்று பட்டிமன்றம் வைப்பதில் பிரயோஜனமும் இல்லை. நான் கவனிப்பது வேறு: வெட்டியவரும் சரி, வெட்ட மறுத்தவரும் சரி, இரண்டு பேருமே தட்டோடுதான் உறவு வைத்துக்கொண்டார்கள். தட்டு ஒரு பண்டம். தொடக்கூடாது என்பதும் தொடலாம் என்பதும் பண்டத்தைப் பற்றிய தர்மங்கள். தட்டுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, அது ஒரு நாள் மத்தியானம் ஏதோ ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூலிக்கு டிரம்ஸ் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனது என்பது இரண்டு தர்மங்களிலும் வரவில்லை.

பெயரை மறைக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். ஜமைக்காவில் 1950களில் ஒலிபெருக்கி வண்டிக்காரர்களுக்குள் நடந்த யுத்தத்தில் பெயர்தான் ஆயுதம். காக்ஸன் டாட் என்பவர் அமெரிக்க சாக்ஸஃபோன்காரர் வில்லிஸ் ஜாக்ஸனின் ஒரு தட்டைக் கொண்டுவந்து, அதன் மேலிருந்த காகிதத்தை அழித்து, 'காக்ஸன் ஹாப்' என்று தன் பெயரையே அதற்கு வைத்து ஓட்டினார். போட்டியாளரான டியூக் ரீடு அதன் நிஜப் பெயரைக் கண்டுபிடித்துத் தானும் ஒரு பிரதி வாங்கிவந்து ஊரறியப் போட்டபோது காக்ஸனுக்கு இடிவிழுந்தாற்போல ஆகிவிட்டது. கதையை இன்றும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது கதை. வில்லிஸ் ஜாக்ஸன் கதையில் ஒரு பாத்திரம்கூட இல்லை.

இங்கிலாந்தின் வடக்கில் இது இன்னும் விசித்திரமாக நடந்தது. மான்செஸ்டரையும் விகனையும் சுற்றிய ஆலைத் தொழில் ஊர்களில், 60களின் கடைசியிலும் 70களிலும், தொழிலாளி வர்க்கப் பையன்களும் பெண்களும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் தட்டுகளுக்காகப் பைத்தியமாக அலைந்தார்கள். விகன் காஸினோவில் 1973 முதல் 1981 வரை சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஆட்டம் மறுநாள் காலை எட்டு மணிக்கு முடியும். மதுக்கடை கிடையாது. வெறும் ஆட்டம். அவர்கள் தேடியது வெற்றிபெற்ற பாடல்களை அல்ல. டெட்ராய்ட்டிலும் சிக்காகோவிலும் வெளியாகி விற்காமல் போன, கிடங்கில் பெட்டி பெட்டியாகத் தூசி படிந்து கிடந்த, பாடியவனே மறந்துபோன தட்டுகளைத்தான். சந்தை கழித்துப்போட்டதை எடுத்து வைத்துக் கொண்டாடிய ரசிகக் கூட்டம் இதைப்போல் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. இவர்களை நினைத்தால் மனசு இளகுகிறது.

ஆனால் அங்கேயும் பெயர் மறைப்பு வந்து சேர்ந்தது. அபூர்வமான தட்டு ஒன்று கிடைத்தால் டி.ஜே. அதன் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பொய்ப்பெயர் எழுதுவார். ஃபிராங்க் வில்ஸன் என்பவர் 1965இல் மோட்டவுன் கம்பெனியின் துணை நிறுவனம் ஒன்றுக்காகப் பாடிய பாட்டு ஒன்று வெளிவராமலே போயிற்று. மாதிரிக்கு அச்சடித்த பிரதிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். தப்பித்த பிரதி ஒன்றை வைத்து விகனில் அதை ஓட்டினபோது, பாடியவர் 'எட்டி ஃபாஸ்டர்' என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள், இன்னொருவன் பெயருக்கு. அந்தப் பிரதிகளில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோயிற்று. 2020இல் ஒரு லட்சம் பவுண்டு. நேசத்தின் உள்ளே ஒளிந்திருந்த உடைமையுணர்வு என்ன என்பது இந்த எண்ணில் வெளியே வந்துவிடுகிறது. பண்டம் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு நேசம்; பலர் கையில் கிடைத்துவிட்டால் நேசம் வடிந்துவிடும்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற யோக்கியதை நம் வட்டத்துக்கு இருக்கிறதா என்பது வேறு. முந்நூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகைகளில் எழுதுகிற நாம், ஓர் ஐரோப்பியக் கவியின் பெயர் தெரிந்திருப்பதையே ஓர் அந்தஸ்தாகச் சுமந்து திரிந்திருக்கிறோம். அவன் பெயர் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்துவிட்டால் நமக்கு அவன்மேல் ருசி குறைந்தும் போயிருக்கிறது.

மறைத்தவனுக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும். ஹெர்க்குக்கு நிலமில்லை, கடையில்லை, வங்கிக் கணக்கில்லை. குறுக்கே போட்ட நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, வீட்டுக்காரர்களால் கைவிடப்பட்டு, கட்டடம் கட்டடமாக எரிந்துகொண்டிருந்த பகுதி அது. எந்தத் தட்டில் எந்த இடத்தில் அந்தச் சில விநாடிகள் இருக்கின்றன என்ற அறிவு ஒன்றுதான் அவருடைய மூலதனம். பணக்காரனுக்கு வேலி உண்டு, பத்திரம் உண்டு. ஏழைக்கு ரகசியம் மட்டும்தான் உண்டு. தவிர, மறைத்தவனின் நேசம் இல்லாமற்போயிருந்தால் ஃபிராங்க் வில்ஸனின் குரலை இன்றைக்கு யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். கம்பெனி அழித்ததைத் திருடன் காப்பாற்றினான். அப்படியானால் யாருக்கு யார் கடன்பட்டவர்? இதை நான் வெறும் வாதத்துக்காகக் கேட்கவில்லை. மறதியிலிருந்து ஒன்றை மீட்டவனுக்கு அதன் மேல் ஏதோ ஒரு பாத்தியதை இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பாத்தியதை பெயரை அழிக்கும் அளவுக்கு நீளுமா என்பதுதான் பிரச்னை.

சட்டத்திடம் போனால் விடை கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு நல்ல பாடம். பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் ஒரு பாட்டிலிருந்து துண்டு எடுத்துத் தன் பாட்டில் பயன்படுத்தினார் என்பது வழக்கு. நீதிபதி பத்துக் கட்டளைகளில் திருடாதே என்பதைச் சொல்லியே தீர்ப்பைத் தொடங்கினார். கிரிமினல் வழக்குப் போடலாமா என்று பரிசீலிக்கவும் சொன்னார். அதற்குப் பிறகு அனுமதி வாங்காமல் துண்டு எடுப்பது பெரிய கம்பெனிகளில் ஏறக்குறைய நின்றுவிட்டது. பிஸ் மார்க்கி 1993இல் வெளியிட்ட தன் அடுத்த ஆல்பத்துக்கு, எடுத்த துண்டுகள் அனைத்துக்கும் அனுமதி வாங்கியாயிற்று என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். கிண்டல் நீதிபதிக்குப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

திருட்டு என்ற சொல் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருட்டுக் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். பாட்டை இயற்றியவருக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு உடையவருக்கு ஓர் உரிமை: சட்டம் அறிந்தது இந்த இரண்டைத்தான். 1970இல் வந்த 'ஃபங்கி டிரம்மர்' தட்டில் இயற்றியவர் ஜேம்ஸ் பிரவுன், பதிவு கம்பெனியினுடையது. அந்தத் தட்டில் பிரவுன் டிரம்ஸ்காரரிடம் தனி ஆவர்த்தனம் எதுவும் வேண்டாம், வாசித்துக்கொண்டிருப்பதையே வாசி என்கிற பொருளில் பேசுவது கேட்கும். பிறகு எல்லோரும் நிறுத்த, க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டின் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் மட்டும். உலகத்தில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட தாளங்களில் அது ஒன்று. 80களின் பிற்பகுதியில் ராப் என்றாலே பாதி அந்தத் தாளம்தான். பாட்டின் பெயரே டிரம்ஸ்காரனின் பெயர். ஆனால் டிரம்ஸ்காரர் சட்டப்படி அதில் ஒன்றுமில்லை. அன்றைக்குக் கூலி வாங்கிக்கொண்டார், முடிந்தது. தாளத்துக்கு இயற்றுதல் என்ற அந்தஸ்தை அந்தச் சட்டம் நடைமுறையில் கொடுக்கவேயில்லை. ஸ்வரத்தைக் காகிதத்தில் எழுதியவன் ஆசிரியன், கையால் எழுதியவன் கூலிக்காரன். ஆகவே சட்டத்தின் கண்ணில் டி.ஜே. திருடியது கம்பெனியிடமிருந்து. 1991க்குப் பிறகு துண்டுக்குக் கட்டணம் வந்தது என்றால் அது எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். தீர்ப்பு செய்ததெல்லாம், பணம் இருப்பவன் மட்டும் எடுக்கலாம் என்று ஆக்கியதுதான்.

சட்டம் போகட்டும். தட்டைத் தேடி எடுப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு தர்மசாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். ஜோசஃப் ஷ்லாஸ் 2004இல் வெளியிட்ட புத்தகத்தில் அதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவன் எடுத்த துண்டை நீ எடுக்கக்கூடாது. இன்னொரு ஹிப்-ஹாப் தட்டிலிருந்து எடுக்கக்கூடாது. பிறர் தொகுத்துப் போட்ட தொகுப்புத் தட்டுகளிலிருந்து எடுக்கக்கூடாது. நீயே தூசியில் முழங்காலிட்டுத் தேடிக் கண்டெடுத்திருக்க வேண்டும். மறுபதிப்பு ஆகாது, மூலத் தட்டுதான் ஆகும். இவற்றை மீறினால் மானக்கேடு. படிக்கும்போது எனக்கு ஒரே சமயத்தில் மரியாதையும் துக்கமும் உண்டாயின. எவ்வளவு கறாரான ஒழுக்கம்! ஆனால் இந்தக் கட்டளைகளில் பெரும்பாலானவை ஒரு டி.ஜே. இன்னொரு டி.ஜே.க்குச் செய்யவேண்டிய கடமைகள். டிரம்ஸ் அடித்தவனுக்கு என்ன கடமை என்பது அதில் கிட்டத்தட்ட இல்லை.

அந்தச் சாஸ்திரத்தின் அடியில் இருக்கிற கருத்து உழைப்பு. நான் தேடினேன், ஆகவே என்னுடையது. ஜான் லாக் நிலத்தைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. யாருக்கும் சொந்தமில்லாத என்ற நிபந்தனையில்தான் கோளாறு. அமெரிக்காவில் அந்த நிலம் காலியாக இருந்தது என்று சொன்னவர்களுக்கு அங்கே ஏற்கெனவே மனிதர்கள் இருந்தது கண்ணில் படவில்லை. பழைய தட்டுப் பெட்டியிலும் அப்படியே. சந்தை கைவிட்ட தட்டு, யாரும் செய்யாத தட்டு ஆகிவிடாது. தூசி ஏறியிருப்பது மனிதனில்லை என்பதற்குச் சாட்சியமும் அல்ல.

கிரெகரி கோல்மன் விஷயத்துக்கு வருகிறேன். வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் வெளியிட்ட ஒரு தட்டின் முன்பக்கத்துப் பாட்டு பெரிய வெற்றி. அதை எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்ஸருக்குக் கிராமி விருதும் கிடைத்தது. பின்பக்கத்தை நிரப்ப ஒரு வாத்திய இசை போட்டார்கள்: 'ஆமென், பிரதர்'. அதன் நடுவில் சுமார் 7 விநாடி கோல்மன் தனியே வாசிக்கிறார். நான்கு அளவு. மூன்றாவது அளவில் அடி ஒரு நூலிழை பிசகி விழ, நாலாவதில் அது தடுமாறுவதுபோலப் பாவனை செய்து மீண்டும் நிமிர்கிறது. 1986இல் ஒரு தொகுப்புத் தட்டு மூலம் இது டி.ஜே.க்கள் கையில் பரவிற்று. சில வருஷங்களில் லண்டனில் அதை வேகமாக்கி, துண்டு துண்டாக்கி, அதன் மேலேயே ஜங்கிள் என்ற ஓர் இசைவகையைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த 7 விநாடி இருக்கிறது. கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் வீடின்றி, வறுமையில் இறந்தார். தன் கை இப்படி உலகம் சுற்றிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது என்று ஸ்பென்ஸர் சொல்லியிருக்கிறார்.

2015இல் இங்கிலாந்தில் இரண்டு டி.ஜே.க்கள் வெட்கப்பட்டு வசூல் செய்தார்கள். 24,000 பவுண்டு சேர்ந்தது. எந்தச் சட்டமும் கேட்கவில்லை, வழக்குத் தொடரும் காலமும் கடந்துபோயிருந்தது, தாங்களாகவே கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த விவகாரம் முழுவதிலும் தலை நிமிர்ந்து நிற்கிற செயல் இதுதான். பணம் ஸ்பென்ஸருக்குப் போயிற்று. உரிமை அவர் பேரில்தான் இருந்தது, உயிரோடு இருந்தவரும் அவர்தான். கோல்மன் இறந்து ஒன்பது வருஷமாகியிருந்தது.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது, அது அறிவாளிகளுக்குப் பிடித்த பதில். கோல்மனும் கடன் வாங்கியவர்தானே? 'ஆமென், பிரதர்' என்பதே ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் ஒரு படத்துக்காக அமைத்த, பின்னால் இம்ப்ரெஷன்ஸ் குழு 1964இல் பாடிப் பிரபலமாக்கிய தேவாலயப் பாட்டின் வேறுவடிவம்தானே? சோல் இசையே தேவாலயத்திலிருந்து எடுத்தது. ரே சார்ல்ஸ் 1954இல் ஒரு பக்திப் பாட்டின் மெட்டில் ஏசுவை எடுத்துவிட்டுப் பெண்ணை வைத்தபோது பக்தர்கள் கொதித்தார்கள். எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்திருக்கிறார்கள். ஆகவே யாரும் யாருக்கும் கடனில்லை.

வாதத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பது எனக்கு விளங்கவேயில்லை. எல்லோரும் எடுத்திருக்கிறார்கள் என்றால் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள் என்றல்லவா வர வேண்டும்? கணக்குப் போட்டுத் தீர்க்கமுடியாத கடன், கடனே இல்லை என்று ஆகிவிடுமா? தாய்ப்பாலுக்கு விலை குறிக்க முடியாது என்பதால் தாய்க்கு ஒன்றும் செய்யவேண்டாம் என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. சொன்னால் அவனை என்ன சொல்வோம் என்று தெரியும். மேலும், தேவாலயத்துச் சபையில் ஒருவர் பாடியதை இன்னொருவர் எடுத்துக்கொண்டபோது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தவன் முகத்தைக் கொடுத்தவன் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு வந்தபின் அந்த முகம் போயிற்று. கை எங்கோ, ஒலி எங்கோ. மரபு என்ற பழைய சொல்லை வைத்துக்கொண்டு இந்த இடைவெளியை மூடப்பார்ப்பது ஏமாற்று.

ஸ்டபிள்ஃபீல்ட் அதிகம் கேட்கவில்லை. விஸ்கான்ஸின் மாநிலத்தில் மேடிசன் என்ற ஊரில் வாராவாரம் உள்ளூர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். உடல்நலம் கெட்டது. ஒரு சமயம் அவருடைய மருத்துவச் செலவில் சுமார் 90,000 டாலரைப் பாடகர் பிரின்ஸ் யாருக்கும் சொல்லாமல் கட்டியிருக்கிறார். பிரின்ஸ் இறந்தபின்தான் அது வெளியே வந்தது. ஸ்டபிள்ஃபீல்ட் 2017இல் இறந்தார். பேட்டிகளில் அவர் காசைப் பற்றி வருத்தப்பட்டதுண்டு. ஆனால் காசைவிடத் தட்டின் மேல் தன் பெயர், இதை வாசித்தது இவன் என்று, இருக்கவேண்டும் என்பதையே அவர் பெரிதாகச் சொன்னார். கழுவி எடுக்கப்பட்ட அந்த வட்டக் காகிதத்திலும்கூட அவர் பெயர் இருந்ததில்லை. அதில் ஜேம்ஸ் பிரவுன் பெயர்தான் இருந்தது. ஹெர்க் கழுவுவதற்கு முன்பே அது கழுவப்பட்டிருந்தது.

பெயர் சொல்வது நடைமுறையில் எப்படி முடியும் என்று கேட்கலாம். இரவு இரண்டு மணிக்கு இருநூறு பேர் வியர்வையில் ஆடிக்கொண்டிருக்கும்போது, இசையை நிறுத்திவிட்டு இந்த டிரம்ஸ் இன்னார் வாசித்தது என்று யார் அறிவிப்பார்கள்? ஆட்டம் கெட்டுவிடும் என்பார்கள். ஆனால் ஹெர்க்கிடம் ஒலிவாங்கி இருந்தது. தட்டுகள் ஓடும்போதே அவரும் அவருடைய நண்பர் கோக் லா ராக்கும் அதில் பேசிக்கொண்டிருப்பார்கள். ராப் என்பது அந்தப் பேச்சிலிருந்து முளைத்ததாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் பெயர்கள். வாசலில் இப்போது நுழைகிறவன் பெயர், மூலையில் ஆடுகிறவள் பெயர், தெருவில் தெரிந்தவன் பெயர், ஒவ்வொன்றாக, தாளத்தின் மேல் உரக்க, எதிரொலி வைத்து. பெயர் கூப்பிடப்பட்டவர்கள் கையைத் தூக்கிக் கத்துவார்கள். ஆட்டம் கெடவில்லை. அடியில் அந்த நாலு அளவு டிரம்ஸ் முடிந்து, திரும்பத் தொடங்கி, முடிந்து, திரும்பத் தொடங்கிக்கொண்டிருக்கும்.